நாற்பதுக்கு மேல் துடுப்பெடுத்தவர்கள்

கல்லூரிகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் நாளில், பொழுது சாயும் வேளையிலே, பெற்றோருக்கென்று ஒரு நிகழ்ச்சி வைப்பது வழக்கம். தந்தைமாருக்குக் கயிறிழுத்தல், தாய்மாருக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டு ஓடுதல். மைதானம் முழுவதும் சிரிப்பொலி எழும். அந்தச் சிரிப்பிலே கெட்ட எண்ணம் எதுவும் இல்லையென்றாலும், அதனுள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. மெய்யான விளையாட்டு இளையவரின் சொத்து, நாற்பதைக் கடந்தவர் ஆடுவது வேடிக்கைக்கு மட்டுமே என்பதே அத்தீர்ப்பு. தாய்மார் விஷயத்தில் அது இன்னும் கடுமையானது. மகள் வலைப்பந்து ஆடும்போது தண்ணீர்ப் போத்தலுடன் கரையிலே நிற்பதுதான் தாயின் இடம் என்று வைத்துவிட்டோம்.

நாற்பதிலும் ஐம்பதிலும், ஏன் அறுபதிலும் கூட, முதன்முதலாகத் தொடங்கி முறையாகப் பந்தயத்தில் இறங்கக்கூடிய குழு விளையாட்டு ஒன்று உண்டு. அது டிராகன் படகோட்டம். அதைப் பற்றி இவ்வாரம் எழுதத் தூண்டியது அதன் வேகமோ வண்ணமோ அன்று. 1996ஆம் ஆண்டிலே கனடா தேசத்தின் வான்கூவர் நகரில், மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்கள் இந்தப் படகில் ஏறினார்கள். அவர்களுள் இளையவருக்கு வயது 31, மூத்தவருக்கு 62. அக்காலத்து வைத்திய உலகம் அவர்களைப் போன்றவர்களுக்குச் செய்யாதே என்று விலக்கியிருந்த காரியத்தையே அவர்கள் செய்தார்கள். அதனால் விளைந்தது என்ன என்பதை நம் குடும்பங்களில் உள்ளோர் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

முதலிலே படகைப் பார்ப்போம். நீளம் ஏறக்குறைய 12 மீற்றர். அகலமோ ஒரு மீற்றருக்குச் சற்றே கூடியது. இவ்வளவு ஒடுங்கிய படகில் பத்து இருக்கைப் பலகைகள். பலகை ஒன்றுக்கு இருவராக 20 பேர் துடுப்பு வலிப்பர். அணியத்திலே, அதாவது படகின் முன்தலைப்பிலே, அவர்களைப் பார்த்தபடி முரசடிப்பவர் ஒருவர் அமர்ந்திருப்பார். பின்புறத்திலே ஒருவர் நின்றுகொண்டு நீண்ட துடுப்பால் திசையைக் காப்பார். நம் கடலோடிகள் தண்டையல் என்று அழைக்கும் தலைவரின் பொறுப்பு ஏறக்குறைய இவருடையது. ஆக 22 பேர். கேரளத்துச் சுண்டன் வள்ளத்தை அறிந்தவர்களுக்கு இது சிறு கூட்டமாகத் தோன்றும். அங்கே நூறு பேர்வரை ஏறுவர். பந்தயநாளில் மட்டும் படகின் முன்னே டிராகன் தலையும் பின்னே வாலும் பூட்டுவார்கள். டிராகன் என்றதும் நெருப்புக் கக்கும் பூதத்தை மாணவர்கள் நினைக்கவேண்டாம். சீனர் மரபிலே அது மழைக்கும் ஆறுகளுக்கும் அதிபதியாகிய தெய்விகப் பிராணி.

துடுப்புக்கும் தண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடலாம். தண்டு வலிப்பவர், தண்டைப் படகின் விளிம்பிலே பொருத்தி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து வலிப்பார். துடுப்போ எதிலும் பொருத்தப்படுவதில்லை. வலிப்பவர் முன்னோக்கி அமர்ந்து, இரு கைகளாலும் அதைப் பிடித்து, தம் பக்கத்து நீரிலே செங்குத்தாக இறக்கி இழுப்பார். ஆகவே முழுப் பாரமும் கை, தோள், முதுகு, இடை ஆகியவற்றின்மேல் விழும். இந்த ஒரு விவரத்தை வாசகர்கள் மனத்திலே வைத்துக்கொள்வார்களாக.

படகின் பூர்வோத்தரம் பெரியது. சுருக்கமாகச் சொல்லிக் கடந்துபோகிறேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சூ யுவான் என்னும் புலவர், அரசவையிலிருந்து துரத்தப்பட்டு, நாடு பகைவர் கையிற் சிக்கியது கண்டு மனம் நொந்து மிலுவோ ஆற்றில் வீழ்ந்து உயிர்விட்டார் என்பர். ஊரார் படகுகளை விரைந்து செலுத்தித் தேடினர். மீன்கள் அவருடலை உண்ணாதிருக்கச் சோற்றை ஆற்றில் எறிந்தனர். சீனரின் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளிலே நடைபெறும் படகுத் திருவிழாவுக்கு இக்கதையையே காரணமாகக் கூறுவது வழக்கம். அத்திருவிழாவை 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிடகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. கிராமத்துத் திருவிழாவாக இருந்ததை 1976இல் ஹொங்கொங் நகரம் பிறநாட்டாரையும் அழைத்து நடத்தும் பந்தயமாக்கியது. பின்னர் 1986இல் வான்கூவரிலே நடந்த உலகக் கண்காட்சிக்கு ஹொங்கொங்கிலிருந்து தேக்குமரப் படகுகள் கப்பலேறிச் சென்றன. கண்காட்சி முடிந்த பின்னும் விளையாட்டு அந்நகரிலே வேரூன்றிவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து ஒரு வைத்தியருக்கு அது பயன்படப்போகிறதென்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

இனி நோயைப் பற்றிச் சில சொற்கள் சொல்லவேண்டும். மார்பிலே தோன்றும் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலிற் சென்று தங்குமிடம் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள். ஆதலால் சத்திரசிகிச்சையின்போது மார்பகத்தோடு அக்கணுக்களையும் அகற்றுவார்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே ஹால்ஸ்டெட் என்னும் சத்திரவைத்தியர் 1890களில் பிரசித்தமாக்கிய முறையிலே, மார்பகமும், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளும், அக்குட் கணுக்களும் ஒருங்கே வெட்டி எடுக்கப்பட்டன. உயிர் பிழைத்தோர் பலர். ஆனால் சிலருக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்துக் கை வீங்கத் தொடங்கும். ஹால்ஸ்டெட் 1921இல் அவ்வீக்கத்தை யானைக்கால் நோயோடு ஒப்பிட்டே பெயரிட்டு எழுதினார்.

யானைக்கால் என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்திலே நெடுங்காலம் மக்களை வருத்திய நோய் அது; பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கிவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அங்கே நிணநீர் ஓடும் குழாய்களைக் கெடுப்பது ஒரு புழு. இங்கே கணுக்களை அகற்றியதனாலும் கதிர்ச் சிகிச்சையினாலும் ஓட்டம் தடைப்படுகிறது. வாய்க்காலை அடைத்தால் வயலிலே நீர் தேங்குமல்லவா? கையிலே நிணநீர் தேங்குவதும் அவ்வாறே. தேங்கியபின் அதை முற்றாகக் குணப்படுத்துவது கடினம். மோதிரம் ஏறாது; சட்டைக்கை போதாது; சிறு கீறலும் புண்ணாகிக் காய்ச்சலை வருவிக்கும்.

ஆகவே வைத்தியர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கலாகாது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யலாகாது, வலுவான தேகாப்பியாசம் கூடாது என்று அறிவுரை கூறினர். கடையிலிருந்து பை சுமப்பதற்கும் குழந்தையைத் தூக்குவதற்கும் அஞ்சும் நிலை பெண்களுக்கு ஏற்பட்டது. இவ்வறிவுரை கெட்ட நோக்கத்தோடு சொல்லப்பட்டதன்று. எனினும் அது எவராலும் முறைப்படி பரிசோதிக்கப்பட்டதாகவும் இல்லை. கையை அசைத்தால் இரத்தவோட்டம் கூடும், இரத்தவோட்டம் கூடினால் நிணநீரும் பெருகும், வடிகால் இல்லாத இடத்திலே அது வீக்கமாகும் என்ற ஊகமே அதன் அடிப்படை. ஊகம் கேட்பதற்குச் சரியாக இருந்தது. சரியாகத் தோன்றும் ஊகங்களே நெடுநாள் நிலைத்துவிடுகின்றன. பிழையாகத் தோன்றினால் யாராவது ஒருவர் சோதித்துப் பார்த்திருப்பார்.

பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே விளையாட்டு வைத்தியத்துறையைச் சேர்ந்த டொன் மக்கென்சி என்பவர் இதற்கு எதிர்மாறாக எண்ணினார். இருதயம் இரத்தத்தைத் தள்ளுவது போல நிணநீரைத் தள்ளுவதற்குத் தனியான இருதயம் உடம்பிலே இல்லை. அதன் குழாய்களின் சுவர் தானே சுருங்குவதும், சுற்றியுள்ள தசைகள் இறுகித் தளர்வதும், மூச்சு உள்ளிழுத்து வெளிவிடுவதுமே அதை நகர்த்துகின்றன. அங்ஙனமாயின், படிப்படியாகக் கூட்டிச் செய்யும் பயிற்சி கையைக் கெடுப்பதற்குப் பதிலாக உதவவும் கூடுமல்லவா? இதைச் சோதிப்பதற்கு, விலக்கப்பட்ட அசைவுகள் அனைத்தும் ஒருங்கே அமைந்த ஒரு விளையாட்டு அவருக்கு வேண்டியிருந்தது. துடுப்பின் பாரம் எங்கே விழுகிறது என்று மேலே சொன்னதை நினைவுகூர்க. மேலும், டிராகன் படகிலே கால்களுக்கு உடம்பைச் சுமக்கும் வேலை இல்லை. விளையாட்டு அனுபவமே இல்லாதவரும் எந்த வயதினரும் ஏறலாம். இருபது பேர் ஒரே வேளையில் ஒரே பயிற்சியைச் செய்வர். ஆராய்ச்சிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

1996ஆம் ஆண்டின் தொடக்கத்திலே 24 பெண்கள் முன்வந்தனர். எடுத்த எடுப்பிலே அவர்களை ஏரியில் இறக்கிவிடவில்லை. முதலில் பயிற்சிக்கூடத்தில் உடம்பைப் பதப்படுத்தினார்கள். குளிர் தணிந்தபின் நீரில் இறங்கினார்கள். வலிமையும் நேரமும் சிறிது சிறிதாகக் கூட்டப்பட்டன. வைத்தியக் கண்காணிப்பு தொடர்ந்து இருந்தது. யூன் மாதத்திலே, நகரின் நடுவே உட்புகுந்திருக்கும் கடற்கழியில் நடைபெற்ற டிராகன் படகு விழாவில், இளஞ்சிவப்புச் சட்டை அணிந்த அக்குழு பந்தயத்திலும் இறங்கியது. அவர்களுள் எவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. முன்னரே வீக்கம் இருந்தவர்களுக்கு அது கூடவும் இல்லை. மக்கென்சி இதை 1998இல் கனடிய வைத்திய சங்கத்தின் சஞ்சிகையிலே எழுதி வெளியிட்டார்.

இந்த இடத்திலே ஆசிரியத் தொழிலின் பழக்கம் என்னைச் சற்று நிறுத்துகிறது. 24 பேரைக்கொண்டு உலகத்துக்கெல்லாம் விதி வகுத்துவிட முடியாது. ஒப்பிட்டு நோக்குவதற்குப் படகேறாத இன்னொரு கூட்டமும் அங்கே இல்லை. தாமாக முன்வந்தவர்கள் இயல்பாகவே துணிவும் உடல்நலமும் கூடியவர்களாக இருந்திருக்கலாம். ஆகையால் அப்படகு செய்தது தீர்ப்பளித்தல் அன்று. மூடிக்கிடந்த வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுக்கச் செய்ததே அதன் பெருமை. விசாரணை பின்னர் முறையாக நடந்தது. அமெரிக்காவிலே கத்ரின் சிமிற்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு வாரம் இருமுறை மேற்பார்வையுடன் பாரம் தூக்கும் பயிற்சி அளித்தனர். ஓராண்டின் முடிவில், பயிற்சி பெற்றோரிடம் வீக்கம் அதிகரிக்கவில்லை; நோய்க்குறிகள் திடீரென முற்றுவது மற்றக் கூறினரைவிட அவர்களிடம் குறைவாகவே காணப்பட்டது. 2009இல் இது வெளியாயிற்று. இன்றைய வைத்தியர்கள் தகுந்த முறையில் கையைப் பயன்படுத்தும்படி ஊக்குவிக்கிறார்கள். சத்திரசிகிச்சையும் மாறிவிட்டது, எல்லாக் கணுக்களையும் எடுக்காமல், முதலில் நிணநீர் சென்றடையும் ஓரிரு கணுக்களை மாத்திரம் எடுத்துப் பார்க்கும் முறை பல நோயாளருக்குப் போதுமானதாகிறது.

ஆராய்ச்சி ஒரு பருவத்தோடு முடிந்துவிட்டது. பெண்கள் முடிக்க மறுத்துவிட்டார்கள். தங்கள் குழுவுக்கு ‘அபிரெஸ்ட் இன் எ போட்’ என்று பெயரிட்டுக்கொண்டு வலித்தலைத் தொடர்ந்தார்கள். ஆங்கிலத்திலே ஒரு சொல்லைச் சேர்த்துப் படித்தால் ‘ஒருவர்க்கொருவர் பக்கத்தில்’ என்றும், பிரித்துப் படித்தால் ‘ஒரு மார்பகம்’ என்றும் பொருள்படும் சிலேடை அது. நம் புலவர்கள் கேட்டிருந்தால் பரிசில் கொடுத்திருப்பார்கள். குரல் தாழ்த்திப் பேசப்பட்ட ஒன்றை அந்தப் பெண்கள் சட்டையிலே எழுதிக்கொண்டு ஊர் நடுவே போனார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இனி, வயது வந்தபின் இதைக் கற்பது எப்படி என்று பார்ப்போம். இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறுவயதிலே கற்காதவர் நாற்பதில் டெனிஸ் விளையாடப் புகுந்தால், பத்து வயதிலிருந்து ஆடுபவரை ஒருபோதும் எட்டமாட்டார். துடுப்பிலே அவ்வாறு இல்லை. பெரும்பாலோர் வளர்ந்தபின் கற்றவர்களே. உலகப் போட்டிகளிலும் 40, 50, 60 வயதைக் கடந்தோருக்குத் தனித்தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள்.

முதற்பாடம் உட்காருவது. பலகையின் நடுவிலே சௌகரியமாக அமர்வதற்கு இங்கே இடமில்லை. படகின் பக்கச் சுவரோடு இடுப்பை நெருக்கி, வெளிப்பக்கத்துக் காலை முன்னே ஊன்றி, மேற்கை கீழ்க்கைக்கு நேர்மேலே வெளியே நிற்குமாறு துடுப்பைப் பிடிக்கவேண்டும். முதல்நாள் முடிவிலே நோவது கையன்று, இடுப்பும் தொடையும். உள்ளங்கை கொப்புளிக்கும். முன்னிருப்பவர் துடுப்பிலிருந்து தெறிக்கும் குளிர்நீர் முகத்தில் அடிக்கும். இரண்டாம் பாடம், கையால் இழுக்காதிருப்பது. புதியவர் எல்லோரும் கையால் இழுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் களைத்துப்போவார்கள். இடையைத் திருப்பி, முதுகைச் சற்று முன்சாய்த்து, துடுப்பின் அலகை எட்டிய மட்டும் முன்னே கொண்டுபோய் நீரிலே முழுதாகப் புதைத்து, பின்பு உடம்பை நிமிர்த்துவதாலேயே இழுக்கவேண்டும். அலகு இடுப்பருகே வந்ததும் எடுத்துவிடவேண்டும். அதற்கு அப்பாலும் இழுத்தால் நீரை மேலே தூக்கி எறிவதாகவே முடியும், படகு தாழும்.

மூன்றாம் பாடமே பெரியது. அது ஒருங்கியைதல். முரசொலிக்கேற்ப யாவரும் வலிக்கிறார்கள் என்றுதான் கரையிலே நிற்பவர் நினைப்பார். மாணவர்களும் முதலில் அந்த முரசைப் பற்றியே கேட்பார்கள். உண்மையிலே தாளத்தை நிருணயிப்பவர்கள் முதற்பலகையில் இருக்கும் இருவர். அவர்கள் துடுப்பைப் பார்த்து முரசு ஒலிக்கிறது. மற்றவர்கள் தமக்கு முன்னே உள்ளவர்களின் துடுப்பைக் கண்ணாற் பற்றிக்கொண்டு வலிக்கிறார்கள். ஒலியை நம்பினால், காதில் விழுந்து கை அசைவதற்குள் ஒரு கணம் பிந்திவிடும். பலகைக்குப் பலகை அணுவளவு பிந்தினாலும் பத்தாம் பலகைக்கு வரும்போது அது பெரும் பிந்தலாகிவிடும். அப்பொழுது மரவட்டையின் கால்கள் போலத் துடுப்புகள் அலையலையாக விழும். ஒருவர் இழுக்க, ஒருவர் தடுக்க, படகு விக்கி விக்கிச் செல்லும்.

ஒரு சிறு கணக்கு. 500 மீற்றர் பந்தயத்தைப் புதிய குழுவொன்று மூன்று நிமிடத்தில் முடிக்கிறதென்றும், நிமிடத்துக்கு 60 தடவை வலிக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். ஒருவர் 180 தடவை வலிப்பார். இருபது பேருமாகத் துடுப்பு நீரில் இறங்குவது 3,600 தடவை. கரையிலே நிற்பவருக்கோ 180 சத்தங்கள் மாத்திரமே கேட்கவேண்டும். நல்ல பயிற்சி பெற்ற குழுக்கள் இதைவிட வேகமாக வலித்து இரண்டு நிமிடத்துக்குள்ளே கரை காண்கின்றன. அங்கும் கணக்கு இதுவே.

இதனாலேதான் வயது வந்தவருக்கு இவ்விளையாட்டு ஒத்துவருகிறதென்பது என் அபிப்பிராயம். பலசாலி ஒருவன் தன் பலத்தைக் காட்ட முந்தினால் படகுக்கு அவன் பாரம். தன்னை அடக்கி, முன்னிருப்பவரைப் பார்த்து, சொன்னதைச் சொன்னபடி நூறு தடவை செய்யும் பொறுமை இங்கே பலமாகிறது. அந்தப் பொறுமை பதினெட்டு வயதில் எத்தனை பேருக்கு இருக்கிறதென்பதை என் வகுப்பறை எனக்குத் தினந்தோறும் சொல்லும். இன்னொரு விதியையும் கூறவேண்டும். படகு கவிழ்ந்தால் என்ன செய்வதென்று முன்னதாகவே சொல்லிக் கொடுப்பார்கள். யாவரும் மிதவைச் சட்டை அணிந்திருப்பர். தண்ணீரில் விழுந்தவர் முதலில் தேடவேண்டியது தம் பலகையில் உடன் இருந்தவரை. அவர் கிடைத்தபின்தான் படகு, துடுப்பு எல்லாம்.

அந்த 24 பேரின் செய்தி பிற ஊர்களுக்கும் பரவியது. மார்புப் புற்றுநோயிலிருந்து பிழைத்தோர் மாத்திரம் வலிக்கும் குழுக்கள் இன்று 30க்கு மேற்பட்ட நாடுகளிலே 200க்கும் மேலாக இருக்கின்றன. நமக்கு அருகே சிங்கப்பூரிலும் உண்டு. அவர்களுடைய சர்வதேச சபை 2010இல் அமைந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லோரும் ஓரிடத்திலே கூடுகிறார்கள். 2005இல் வான்கூவர், 2007இல் அவுஸ்திரேலியாவின் கலவுண்ட்ரா, 2014இல் அமெரிக்காவின் சரசோட்டா, 2018இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து ஆர்னோ ஆறு, 2023இல் நியூசிலாந்தின் கராப்பிரோ ஏரி என்று அவ்விழாக்கள் நடந்துள்ளன. வாரம் இரண்டு மாலைப்பொழுது வீட்டைவிட்டுப் போய் வலித்தால்தான் குழுவிலே இடம் கிடைக்கும். அந்த மாலைகளிலே அந்நாட்டுக் கணவன்மாரும் பிள்ளைகளும் தேநீரைத் தாமே தயாரித்துக்கொள்கிறார்கள். அதனால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடந்ததாக நான் படிக்கவில்லை.

நம் நாட்டிலே பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் மார்புப் புற்றுநோயே முதலிடத்தில் நிற்கிறது. ஆயினும் நம் வீடுகளில் அதன் பெயரை எவரும் சொல்வதில்லை. “அவவுக்கு அந்த வருத்தம்” என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைச் சுற்றி மாமியும் பெரியம்மாவும் அமர்ந்துகொள்வர். “பிள்ளை, நீ ஒண்டும் தூக்கவேண்டாம், பேசாமல் இரு” என்பது அவர்களுடைய அன்பு. கிணற்றுக் கயிறும் அம்மிக் குழவியும் அவர் கைக்கு எட்டாமல் வைக்கப்படும். ஒரு மாதம் அது தேவைதான். ஓராண்டு கழிந்த பின்னும் அதே சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தால், தோள் இறுகிக் கை உயராமற்போகும். தலை வாருவதற்கும் இன்னொருவர் வேண்டியதாகும். அத்தகைய ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பின், அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது “எதைச் செய்யக்கூடாது” என்பதோடு “எதை, எந்த அளவில் தொடங்கலாம்” என்றும் கேளுங்கள். இயன்மருத்துவர் தோளுக்குரிய பயிற்சிகளைக் காட்டித் தருவார். சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதும், கை கனத்தாலோ வீங்கினாலோ உடனே காட்டுவதும் முக்கியம். வான்கூவர்ப் பெண்களும் அவ்வாறே செய்தார்கள். முதல்நாளே பந்தயத்துக்குப் போகவில்லை.

படகு புற்றுநோயைக் குணப்படுத்துமென்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மக்கென்சியும் அப்படிச் சொன்னதில்லை. வலித்தவர்களுள் சிலருக்கு நோய் மீண்டும் வந்திருக்கிறது, சிலர் இறந்திருக்கிறார்கள். குழுவிலே அதை மறைப்பதும் இல்லை. அவர்களுடைய விழாக்களிலே ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் முடிந்தபின் படகுகளெல்லாம் கரைக்குத் திரும்பாமல் நீர்நடுவே அருகருகே அணைந்து நிற்கும். ஒரு படகிலிருப்பவர் அடுத்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் ஒவ்வொருவரும் கையிலுள்ள இளஞ்சிவப்புக் கார்னேஷன் மலரை, இல்லாதவர்களின் நினைவாக, நீரிலே எறிவார்கள். அது முடிந்ததும் படகுகள் பிரிந்து கரை சேரும்.

ஒருவர் போனபின் அவருடைய பலகையிலே பாதி வெறுமையாக இருக்கும். படகு ஒருபக்கம் சாயாதிருக்கவேண்டுமானால் அவ்விடம் நிரப்பப்படவேண்டும். சிகிச்சை முடித்த வேறொருவர், பெரும்பாலும் நாற்பதையோ ஐம்பதையோ கடந்தவர், ஒருநாளும் துடுப்பைத் தொட்டறியாதவர், அங்கே வந்து அமர்கிறார். இடுப்பைப் பக்கச் சுவரோடு நெருக்கிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லிக் கொடுப்பவர், பலகையின் மறுபாதியில் இருப்பவர்.